வார்த்தையோட வாலைப் பிடிங்க: "ஆஞ்சியோ பண்ணியாச்சு"ன்னா என்ன பண்ணியாச்சு?

1/ "அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணியாச்சு டாக்டர்."
ஓபியில அடிக்கடி காதுல விழுற வரி இது. நான் திருப்பிக் கேக்குறது ஒரே கேள்விதான்: ஆஞ்சியோகிராமா, ஆஞ்சியோபிளாஸ்டியா? பெரும்பாலும் வர்ற பதில், "அதான் சார், ஆஞ்சியோ."
காணாமப் போன அந்தப் பாதி வார்த்தையைப் பத்திதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

2/ ஆஞ்சியோ என்றால் ரத்தக்குழாய். அவ்வளவுதான்.
கிராம் என்றால் பதிவு, படம். ஆஞ்சியோகிராம்: சாயம் செலுத்தி ரத்தக்குழாயைப் படம் எடுத்துப் பார்த்தது.
பிளாஸ்டி என்றால் உருக்கொடுத்துச் சரிசெய்வது. ஆஞ்சியோபிளாஸ்டி: அடைப்பை பலூன் வச்சு விரிச்சது. பெரும்பாலும் கூடவே ஸ்டென்ட்டும் வச்சிருப்பாங்க.
முதலாவது பரிசோதனை. ரெண்டாவது சிகிச்சை.

3/ இதுல என்ன பெரிய வித்தியாசம்னு நினைக்காதீங்க. ஸ்டென்ட் வச்சவருக்கு ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை சேர்த்துப் பல மாதம் போகும். பல் பிடுங்கணும், கட்டி எடுக்கணும்னு அவராவே அதை நிறுத்தினா ஸ்டென்ட்டே அடைச்சுக்கிட்டு மறுபடி மாரடைப்பு வரலாம். இதய மருத்துவரைக் கேட்காம அதைத் தொடவே கூடாது. வெறும் கிராம் மட்டும் பண்ணி, அடைப்பு இல்லைன்னு அனுப்பப்பட்டவர் கதையே வேற.
ரெண்டு பேருமே என்கிட்ட சொல்றது "ஆஞ்சியோ".

4/ நாம எல்லாரும் ஞாபகம் வச்சிருக்கிறது வார்த்தையோட தலையை. அது எந்த உறுப்புன்னு சொல்லும். என்ன நடந்துச்சுன்னு சொல்றது வால். இலக்கணத்துல இதுக்குப் பேர் விகுதி.
மருத்துவத்துல முடிவு பெரும்பாலும் வால்லதான் இருக்கு. இதை நோயாளிக்கும் யாரும் சொல்லித் தர்றதில்ல, எம்பிபிஎஸ் சேர்ற மாணவருக்கும் உட்கார வச்சு சொல்லித் தர்றதில்ல. ரெண்டு பேருக்கும் சொல்லித் தரணும்ங்கறது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

5/ முதல்ல இரைப்பையை மட்டும் எடுத்துக்குவோம். அதோட தலை "காஸ்ட்ர்".
காஸ்ட்ரைட்டிஸ்: இரைப்பை அழற்சி
காஸ்ட்ரோஸ்கோப்பி: குழாய் விட்டு உள்ளே பார்ப்பது
காஸ்ட்ராட்டமி: திறப்பது
காஸ்ட்ரெக்டமி: முழுசாவோ பாதியோ வெட்டி எடுப்பது
காஸ்ட்ராஸ்டமி: வயித்துல புதுசா ஒரு வாய் வைப்பது
ஒரே உறுப்பு. வால் மாற மாற, மாத்திரையோட முடியிற விஷயத்துல இருந்து உறுப்பே போற விஷயம் வரைக்கும் போயிடுது.

6/ ஆட்டமி, எக்டமி, ஆஸ்டமி. கேக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். நடைமுறையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.
"டோம்" என்றால் கிரேக்கத்துல வெட்டு. ஆட்டம் என்கிற அணுவுக்கு அந்தப் பேர் வந்ததே "வெட்ட முடியாதது" என்ற பொருள்லதான்.
ஆட்டமி: வெட்டித் திறப்பது.
எக்டமி: "எக்" என்றால் வெளியே. வெட்டி வெளியே எடுப்பது.
ஆஸ்டமி: "ஸ்டோமா" என்றால் வாய். புது வாய் அமைப்பது.

7/ "கொலாஸ்டமி பண்ணணும், கையெழுத்துப் போடுங்க" என்றால், வீட்டுக்காரங்க குடல்ல ஏதோ ஆபரேஷன்னு நினைச்சுப் போட்டுடுவாங்க. தியேட்டரை விட்டு வெளிய வந்ததும் வயித்துல ஒரு பையைப் பார்த்து அதிர்ச்சி ஆவாங்க.
"குடலுக்கு வயித்துலயே ஒரு வாய் வைக்கப் போறோம், மலம் அது வழியா பையில வரும், பல பேருக்குப் பிறகு மூடிடலாம், சிலருக்கு நிரந்தரம்." இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் சொல்லாம வாங்குற கையெழுத்தை நான் சம்மதம்னு ஒத்துக்க மாட்டேன்.

8/ அடுத்தது ஸ்கோப்பி. பார்ப்பது. லேப்ராஸ்கோப்பி என்றால் சின்னத் துளை போட்டு கேமரா வழியா வயித்துக்குள்ள பார்ப்பது. பார்த்துக்கிட்டே ஆபரேஷனும் பண்ணுவாங்க.
நம்ம ஊர்ல இது "லேசர் ஆபரேஷன்" ஆயிடுச்சு. "லேசர்ல பண்ணிட்டாங்க சார், கத்தியே படல." கத்தி பட்டுச்சு. சின்னதா பட்டுச்சு. பித்தப்பை போயிருந்தா அது போனதுதான். தழும்பு சின்னதா இருக்குங்கறதால உள்ளே நடந்தது சின்னது ஆகிடாது.

9/ இப்ப நம்ம வீடுகள்ல அதிகம் புழங்குற வால்: ஐட்டிஸ்.
இதுக்கு ஒரு சுவையான பின்கதை இருக்கு. கிரேக்கத்துல ஐட்டிஸ் என்பது "இதைச் சார்ந்த" என்று மட்டும் பொருள் தர்ற ஒட்டு. "ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ்" என்றால் மூட்டைச் சார்ந்த நோய். நாளடைவுல "நோய்"ங்கற சொல் உதிர்ந்து போச்சு, ஒட்டு மட்டும் நின்னுடுச்சு. பிற்பாடு மருத்துவர்கள் அதுக்கு "அழற்சி"ன்னு பொருளை இறுக்கிக்கிட்டாங்க.

10/ நாமும் அதையேதான் செய்றோம். சர்க்கரை நோய்ல நோயைக் கழட்டிட்டு "எனக்கு சுகர் இருக்கு" என்கிறோம். "பிரஷர் இருக்கு" என்கிறோம். "அப்பண்டிக்ஸ் வந்துருச்சு" என்கிறோம். அப்பண்டிக்ஸ் எல்லார் வயித்துலயும் இருக்கிற குடல்வால். வந்தது அப்பண்டிசைட்டிஸ்.
இப்படிச் சொல்றது அறியாமை இல்ல. எந்த மொழியும் புழங்கப் புழங்கச் சுருங்கும். சுருங்கும்போது எது உதிருதுங்கறதுதான் பிரச்சனை.

11/ "எனக்கு தைராய்டு இருக்கு டாக்டர்." இருக்கணும்மா. எனக்கும் இருக்கு. கழுத்துல இருக்கிற சுரப்பி அது.
ஹைப்போதைராய்டிசம் என்றால் சுரப்பு குறைவு. ஹைப்பர்தைராய்டிசம் என்றால் சுரப்பு அதிகம். முன்னதுக்குக் கொடுக்கிறது தைராக்சின். பின்னதுக்குக் கொடுக்கிறது சுரப்பைக் குறைக்கிற மருந்து. நேர் எதிர் வைத்தியம்.
இங்கே முன்னொட்டு, விகுதி ரெண்டுமே உதிர்ந்து நடுவுல சுரப்பி மட்டும் நிக்குது. "பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தைராய்டுதான், அவங்க மாத்திரையைத்தான் நானும் போடுறேன்" என்பதெல்லாம் இப்படி வர்றதுதான்.

12/ இன்னொண்ணு: கழுத்து வலின்னாலே "ஸ்பாண்டிலைட்டிஸ்". பெரும்பாலும் அது ஸ்பாண்டிலோசிஸ்.
ஐட்டிஸ் = அழற்சி. ஓசிஸ் = ஒரு நிலை. ஸ்பாண்டிலோசிஸ் என்பது வயசோட வர்ற முதுகெலும்புத் தேய்மானம்.
ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வேற நோய். பெரும்பாலும் இளவயசுல ஆரம்பிக்கும். காலையில எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல முதுகு இறுக்கமா இருக்கும். ஓய்வெடுத்தா கூடும், நடமாடினா குறையும்.

13/ 26 வயசுப் பையன் இந்த அறிகுறியோட வந்து, "எங்க பெரியப்பாவுக்கும் ஸ்பாண்டிலைட்டிஸ் சார், தைலம் தேய்ச்சா போயிடும்" என்று சொன்னா எனக்கு பயமா இருக்கு. பெரியப்பாவுக்கு இருந்தது ஓசிஸ். பையனுக்கு இருக்கிறது ஐட்டிஸா இருக்கலாம். ரெண்டு எழுத்து குழம்பினதுல, சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டிய வைத்தியம் வருஷக்கணக்குல தள்ளிப் போகும். அதுக்குள்ள முதுகு வளையாத மூங்கில் மாதிரி ஆயிடலாம்.

14/ இன்னும் சில வால்கள், வேகமா:
ஆல்ஜியா: வலி
மெகலி: அளவுல பெருத்திருப்பது
ஈமியா: ரத்தம் சார்ந்தது. அனீமியா, லுக்கீமியா
பிளீஜியா: முழு வாதம். பரீசிஸ்: பலம் குறைவு
யூரியா: சிறுநீர் சார்ந்தது. ஹெமச்சூரியா என்றால் சிறுநீர்ல ரத்தம். (இது கடையில மூட்டையா வாங்குற யூரியா இல்ல. அது வேதிப்பொருள் பேர், இது வால். கேட்டா மட்டும்தான் ஒண்ணு.)

15/ வால் ஒண்ணா இருந்தா தலையையும் பாருங்க. ஹிஸ்டரெக்டமி என்றால் கருப்பையை எடுப்பது. டியூபெக்டமி என்றால் கருக்குழாயை இடையில துண்டிச்சுக் கட்டுவது, அதாவது நம்ம கு.க. ஆபரேஷன். ரெண்டையும் "கர்ப்பப்பை ஆபரேஷன்"னு சொல்ற வழக்கம் நம்ம மாவட்டத்துல நிறைய.

16/ டூட்டியில பார்த்த ஒரு கேஸ். அடையாளம் தெரியாதபடி சொல்றேன். முப்பது சொச்சம் வயசு அம்மா. அடிவயிறு வலி, தலைசுத்தல். "கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணியாச்சு" என்கிறார். கூட வந்தவர், "கர்ப்பப்பையே எடுத்தாச்சு சார்" என்கிறார். பழைய சீட்டு? 2018 கஜா புயல்ல ஓட்டோட சேர்ந்து போச்சு.
"மாசாமாசம் தீட்டு வருதாம்மா?"
"வருது. இந்தத் தடவை பத்து நாள் தள்ளிப் போயிருக்கு."

17/ தீட்டு வருதுன்னா கருப்பை உள்ளேதான் இருக்கு. அப்ப நடந்தது டியூபெக்டமி. அது அபூர்வமா தோத்துப் போகும். தோத்தா, கரு குழாயிலேயே தங்குற வாய்ப்பு அதிகம். சிறுநீர்ப் பரிசோதனை பாசிட்டிவ். டிரிப் ஏத்தி, 108ல ஏத்தி, மேல அனுப்பினோம். குழாய் கர்ப்பம்தான். பிழைச்சுட்டாங்க.
அந்த வீட்ல யாராவது ஒருத்தருக்கு அன்னைக்கு என்ன ஆபரேஷன் நடந்துச்சுன்னு சரியா தெரிஞ்சிருந்தா, வலி ஆரம்பிச்ச நேரத்துலயே கிளம்பி வந்திருப்பாங்க. "கர்ப்பப்பையே இல்லையே, வாயுவா இருக்கும்"னு ஒரு நாள் சுக்குக் கஷாயம் குடிச்சுட்டு இருந்திருக்க மாட்டாங்க.

18/ இது நோயாளிகள் பக்கம். இப்ப மாணவர்கள் பக்கம்.
2020ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வழியா அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்பிபிஎஸ் வர்றாங்க. பலர் தமிழ் வழி. புதுக்கோட்டையில அரசு மருத்துவக் கல்லூரி 2017ல தொடங்கின பிறகு, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, ஆவுடையார்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு கண்ணுக்குத் தெரியிற தூரத்துக்கு வந்துருச்சு.

19/ அவங்கள்ல சிலர் முதல் வருஷத்துல போன் பண்ணி அழுறாங்க. "அண்ணா, இங்கிலீஷ் வரல. வார்த்தையே வாயில நுழைய மாட்டேங்குது."
நான் சொல்றது: தம்பி, தங்கச்சி, அது இங்கிலீஷே இல்ல. முக்கால்வாசி கிரேக்கமும் லத்தீனும். உன் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற கான்வென்ட் பிள்ளைக்கும் கிரேக்கம் தெரியாது. இந்த ஒரு விஷயத்துல ரெண்டு பேருக்கும் ஓட்டம் ஒரே கோட்டுல இருந்துதான் ஆரம்பிக்குது.

20/ இன்னும் சொல்லப் போனா, தமிழ் வழிப் பிள்ளைக்கு ஒரு அடி முன்னாலயே இடம் இருக்கு. பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் இருக்கா? பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம். ரெண்டு மார்க் கேள்வி.
வந்தனன் = வா(வ) + த்(ந்) + த் + அன் + அன்.
இதைப் பிரிக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு கோலிசிஸ்டெக்டமி எந்த மூலைக்கு?

21/ கோலி = பித்தம். சிஸ்ட் = பை. எக்டமி = நீக்கம்.
கோலி + சிஸ்ட் + எக்டமி = பித்த + பை + நீக்கம்.
வரிசை கூட மாறல பாருங்க. தமிழும் கிரேக்கமும் இந்த இடத்துல ஒரே மாதிரி தச்சு வேலை பண்ணுதுங்க. தலையை முன்னால வை, வாலைப் பின்னால ஒட்டு.
ஆஸ்டியோ (எலும்பு) + மைல் (மஜ்ஜை) + ஐட்டிஸ் (அழற்சி) = ஆஸ்டியோமைலைட்டிஸ். இனிமே மனப்பாடம் வேண்டாம், பிரிச்சா போதும்.

22/ நடுவுல வர்ற "ஓ" எதுக்கு? அது சாரியை மாதிரிதான். தனியா பொருள் கிடையாது, ஒட்டுறதுக்கு உதவும்.
விகுதி மெய்யெழுத்து ஒலியில தொடங்கினா "ஓ" வரும்: காஸ்ட்ர் + ஓ + ஸ்கோப்பி.
உயிரொலியில தொடங்கினா வராது: காஸ்ட்ர் + ஐட்டிஸ்.
புளி + அம் + காய் = புளியங்காய் என்று சொல்றப்ப நடுவுல வர்ற "அம்" மாதிரி நினைச்சுக்கங்க.

23/ 20 தலை, 20 வால். மொத்தம் 40 துண்டு. ஒண்ணோட ஒண்ணு கோத்தா கணக்குப்படி 400 சொல். எல்லாமே புழக்கத்துல இருக்காது. ஆனா புழக்கத்துல இருக்கிறது எதிர்ல வந்தா மிரள மாட்டீங்க. 400 சொல்லை உருப்போடுறதுக்கும் 40 துண்டைப் புரிஞ்சுக்கிறதுக்கும் இடையில, முதல் வருஷம் பாஸ் ஆகிறதும் அரியர் வைக்கிறதும் இருக்கு.

24/ நிஜமாவே ஆங்கிலமா இருக்கிற வால்களும் உண்டு. கேஸ் ஷீட் எழுத அவை வேணும்.
ஷன்: இன்ஸ்பெக்ட் > இன்ஸ்பெக்‌ஷன், பால்பேட் > பால்பேஷன், பெர்கஸ் > பெர்கஷன், ஆஸ்கல்டேட் > ஆஸ்கல்டேஷன். பார்த்தல், தொட்டுப் பார்த்தல், தட்டிப் பார்த்தல், கேட்டல். உடல் பரிசோதனையோட நாலு படியும் முடிஞ்சுது.
னெஸ்: டெண்டர் > டெண்டர்னெஸ், வீக் > வீக்னெஸ், ஸ்டிஃப் > ஸ்டிஃப்னெஸ்
இட்டி: மார்பிட் > மார்பிடிட்டி, ஃபெர்டைல் > ஃபெர்டிலிட்டி
மென்ட்: ட்ரீட் > ட்ரீட்மென்ட்

25/ எந்தச் சொல்லுக்கு எந்த வால்னு முழு விதி கிடையாது. படிக்கப் படிக்கத்தான் வரும். தமிழ்ல மட்டும் என்ன? நட என்ற ஒரே வினையில இருந்து நடை, நடத்தல், நடப்பு, நடத்தை எல்லாம் வருது. "நோயாளியின் நடை"யும் "நோயாளியின் நடத்தை"யும் ஒண்ணா? எந்த விதியும் படிக்காமலேயே நமக்கு வித்தியாசம் தெரியுது. காது பழகியிருக்கு. அங்கேயும் காது பழகும். பால்பேஷன் வேற, படபடப்பான பால்பிடேஷன் வேற என்பதும் பழகிடும்.

26/ ஒரு எச்சரிக்கை. வால் வழிகாட்டும், தீர்ப்பு சொல்லாது.
ஓமா என்றால் பெரும்பாலும் கட்டி. லிப்போமா ஆபத்தில்லாத கொழுப்புக் கட்டி. மெலனோமாவோ கொடிய புற்றுநோய். கிளாக்கோமா கட்டியே இல்ல, கண் நரம்பைப் பாதிக்கிற நோய். ஹெமட்டோமா ரத்தக்கட்டு.
அதனால ரிப்போர்ட்ல "ஓமா"வைப் பார்த்ததும் ராத்திரி ரெண்டு மணிக்கு கூகுள் பண்ணி அழ வேண்டாம். காலையில டாக்டரைக் கேளுங்க.

27/ "அப்ப எல்லாத்தையும் தமிழ்ல சொல்லிட்டா போச்சே?" சொல்லலாம். முயற்சி புதுசும் இல்ல. 1847ல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில தமிழ்லயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார்.
ஆனா தமிழ்லயும் வால் கச்சிதமா இருக்கணும். ஹெப்படைட்டிஸ் கல்லீரல் அழற்சி. ஹெப்படோமெகலி கல்லீரல் பெருத்திருப்பது. ரெண்டையும் "கல்லீரல் வீக்கம்"னு சொன்னா குழப்பத்தை மொழிபெயர்த்ததுதான் மிச்சம்.

28/ என்ன செய்யலாம்? மூணு யோசனை.
ஒண்ணு: 2019 முதல் எம்பிபிஎஸ் தொடக்கத்துல ஃபவுண்டேஷன் கோர்ஸ் இருக்கு, அதுல மொழித்திறனும் ஒரு பகுதி. அதுல ரெண்டு நாள் இந்த 40 துண்டுகளுக்குக் கொடுங்க.
ரெண்டு: அரசுப் பள்ளி மேல்நிலை வகுப்புல உயிரியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து ஒரே ஒரு பீரியட் எடுங்க. பகுபத இலக்கணம் மார்க்குக்கு மட்டும் இல்லைன்னு பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

29/ மூணு, என் சக மருத்துவர்களுக்கு: டிஸ்சார்ஜ் சம்மரி அடியில தமிழ்ல மூணு வரி. எந்த உறுப்பு. என்ன செஞ்சோம். இனி எதை நிறுத்தக் கூடாது. கூட்டம் எனக்கும் தெரியும், நானும் அதே ஓபியிலதான் உட்கார்ந்திருக்கேன். ஆனா இன்னைக்கு எழுதுற மூணு வரி, அஞ்சு வருஷம் கழிச்சு அர்த்த ராத்திரியில, இன்னொரு டாக்டருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த டாக்டர் நீங்களாவும் இருக்கலாம்.

30/ 1991ல இதே புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம். குவாரியில கல் உடைச்ச பெண்களும் வயல் வேலை பார்த்த பெண்களும் எழுத்தையும் சைக்கிளையும் சேர்த்துக் கத்துக்கிட்டாங்க. பஸ் போர்டைப் படிக்க யாரையும் கேக்க வேண்டாம், கடைத்தெருவுக்குப் போக யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.
அவங்க பிள்ளைகளும் பேத்திகளும் கையில வச்சிருக்கிற ஆஸ்பத்திரிக் காகிதம் இன்னும் அவங்களுக்குப் பிடிபடாத எழுத்தாவே இருக்கு. அறிவொளி போகாத கடைசித் தெரு இதுதான்னு நான் நினைக்கிறேன்.

31/ கடைசியா உங்களுக்கு. உங்க வீட்ல யாருக்கு என்ன நடந்தாலும், ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயோ சிஸ்டர்கிட்டயோ இந்த நாலு கேள்வியைக் கேளுங்க:
பார்த்தீங்களா? (கிராம், ஸ்கோப்பி)
திறந்தீங்களா? (ஆட்டமி)
எடுத்தீங்களா? (எக்டமி)
சரி பண்ணி எதையாவது வச்சீங்களா? (பிளாஸ்டி, ஆஸ்டமி)
பதிலைத் தமிழ்லயே எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்துல வைங்க. போன்லயும் ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

32/ கேட்டா டாக்டர் கோச்சுக்குவாரோன்னு தயங்காதீங்க. சொல்ல வேண்டியது எங்க வேலை. கேக்க வேண்டியது உங்க உரிமை.
முதல் வருஷம் படிக்கிற தம்பி தங்கச்சி யாராவது தெரிஞ்சா 19ல இருந்து 25 வரைக்கும் அனுப்பி வைங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு பிள்ளை அழாம தூங்கினா அதுவே போதும்.

அரசு மருத்துவர், புதுக்கோட்டை மாவட்டம்.